ஒரு நாள் குறைந்த இரண்டு வருடங்கள்

போன வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு என் வீட்டு வாசலில் நான்கு பேர் வந்து நின்றார்கள். இரண்டு பேர் எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபர்கள், ஒருவர் ஆய்வுகூடக்காரர், ஒருவர் பிசியோதெரபிஸ்ட். நான்கு பேர் கையிலும் ஒரே நீல நிறத்தில் ஃபைல். வெளிநாடு போவதென்று முடிவெடுத்த நாளிலேயே பதுளைப் பிள்ளைகள் அந்த ஃபைலை வாங்கிவிடுகிறார்கள். உள்ளே வைக்கக் கடதாசி ஏதும் கிடைப்பது பிறகுதான்.

உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். அவர்களில் சின்னவள் கேட்டாள்:

"மிஸ், லைசன்சுக்கு சர்வீஸ் லெட்டர் கேக்குறாங்க. அதுல வருஷம் மட்டும் போட்டா போதுமா, நாள் கணக்கும் போடணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தேநீர் மடியில் கொட்டியது. பிசியோதெரபிஸ்ட் தம்பி எனக்கு ஏதோ வந்துவிட்டதென்று எழுந்து என் முதுகைப் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைகளா, அந்தக் கேள்விக்கு நான் வாயால் பதில் சொன்னால் மத்தியானமாகிவிடும், எழுதித் தருகிறேன்" என்றேன். அதுதான் இது.

என் பெயர் பிலோமினா. பதுளை நகரத்திலேயே பிறந்து, கொழும்பில் படித்து, எக்ஸ்ரே அறைகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பதினாறு வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். கையில் கிடைக்கும் சரித்திரப் புத்தகம் எல்லாவற்றையும் படிப்பேன். ஒரு மன்னன் முடிசூடிய ஆண்டை எழுதிவிட்டு நாளை எழுதாத ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் வரும். அந்தக் குணம்தான் இந்தக் கதையில் வில்லன்.

படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், விடுதிச் சோற்றில் கல் பொறுக்கினேன், சித்தியடைந்தேன். உண்மையான படிப்பு முதல் வேலையில், பீரிஸ் சேரிடம் கிடைத்தது. எங்கள் பிரிவின் தலைவர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். இன்னும் கோபம் வந்தால் கிசுகிசுப்பார். அவர் கிசுகிசுத்தால் இருட்டறையில் ஃபிலிம் கழுவுகிறவர்கூட நின்றுவிடுவார்.

அவரிடம் ஒரு கட்டாயம் இருந்தது. படம் எடுக்கும்போது ஃபிலிம் பெட்டியின்மேல் ஒரு சின்ன ஈயத் துண்டை வைப்போம். வலதா இடதா என்பதற்கு ஒன்று, எடுத்தவர் யார் என்பதற்கு ஒன்று. ஈயத்துக்குள் கதிர் போகாது, ஆகவே அந்த எழுத்து படத்தில் வெள்ளையாக விழும். பிறகு யாரும் அதைச் சேர்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. மற்ற இடங்களில் இந்த எழுத்துகளை வாங்கிக் கொடுப்பார்கள். பீரிஸ் சேர் வாங்க விடமாட்டார். கிழிந்துபோன பழைய ஈயக் கவசத்திலிருந்து ஒரு துண்டும் கத்தரிக்கோலும் தந்து, "உன் எழுத்தை நீயே வெட்டு. வெட்டிய பிறகுதான் முதல் படம்" என்பார். படத்தில் எழுத்து இல்லாதவர் அன்று வேலைக்கே வரவில்லை என்பது அவர் கணக்கு.

பிற்காலத்தில் பதுளை நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவுக்குப் பொறுப்பாக வந்தபோது அந்த வழக்கத்தை நானும் கொண்டுவந்தேன். கிசுகிசுப்பு மட்டும் எனக்கு வரவில்லை.

இனி சுகன்யா.

ஒக்டோபர் முதலாம் திகதி, திங்கட்கிழமை. விடியலிலிருந்து மழை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து புதிதாக ஒரு ரேடியோகிராபர் அன்று காலை எட்டு மணிக்கு வேலையில் சேர வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம். எட்டு மணிக்கு வரவில்லை, பத்துக்கும் வரவில்லை. பதினொன்று இருபதுக்கு ஒரு பெண் முழங்கால்வரை சேற்றோடு என் அறைக்குள் வந்தாள். கூடவே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இடது கை அவளுடைய துப்பட்டாவால் கழுத்தில் கட்டப்பட்டிருந்தது.

"நான்தான் சுகன்யா, மிஸ். ரோட்டுல மண்ணு சரிஞ்சி பஸ்ஸு நின்னுருச்சி. எல்லாரும் எறங்கி நடந்தோம். இவரு எங்க தோட்டத்து வீராசாமி கங்காணி. சேத்துல வழுக்கி விழுந்துட்டாரு. தோளு எறங்கிருச்சின்னு நெனக்கிறேன்."

"நானா விழுந்தேன்?" என்றார் கங்காணி. "மல விழுந்திச்சி மிஸ். நான் அதுக்கு எடம் விட்டேன்."

வேலையில் சேரும்போதே நோயாளியைக் கையோடு கூட்டிவந்த ரேடியோகிராபரை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. ஆனால் அலுவலகத்தில் அவளிடம், பத்து மணிக்குப் பிறகு சேவைப் பதிவேட்டில் கையெழுத்து வைக்க முடியாது, நாளைக்கு வா என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பத்தான் என்னிடம் வந்திருக்கிறாள். அன்று என்னோடு வேலை செய்ய வேண்டிய இன்னொருவரும் மழையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள்.

"வீட்டுக்கா? காலைக் கழுவிக்கொண்டு வா" என்றேன். ஈயத் துண்டையும் கத்தரிக்கோலையும் நீட்டினேன். "உன் எழுத்தை வெட்டு. பிறகு உன் ஆளுக்குப் படம் எடு."

ஆங்கில எழுத்தில் வெட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் வெட்டி, 'சு' என்று தமிழில் ஓர் எழுத்தைக் கொண்டுவந்தாள். கையளவு பெரியது, கோணல் வேறு. கங்காணியின் இடது தோள் படத்தில் கழுத்துக்குப் பக்கத்தில் அது ஒரு பூசணிக்கொடி மாதிரி வெள்ளையாக விழுந்தது. ஃபிலிம் காய்ந்ததும் அவரிடம் காட்டினோம். தோளைப் பார்க்கவில்லை மனிதர்.

"அட! நம்ம எழுத்து! இங்கிலீசு மெஷினுக்குள்ள நம்ம எழுத்து எப்புடி புள்ள போச்சி?"

அன்று மாலை ஐந்து மணிவரை அவள் வேலை செய்தாள். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தில் கையெழுத்து வைத்தாள், செவ்வாய்க்கிழமைத் திகதியில். ஆங்கில எழுத்தில் அளவாக வேறொன்று வெட்டச் சொன்னேன். பழைய 'சு'வை உருக்கும் ஈயத்தோடு போட்டோம். அதோடு அந்த நாளை எல்லோரும் மறந்தோம்.

இரண்டு வருடத்தில் அவள் எங்கள் பிரிவின் மிகச் சிறந்த கை. ஒப்பந்தம் செப்டெம்பர் முப்பதாம் திகதி முடிந்தது. அதற்குள் ஒரு வளைகுடா நாட்டு மருத்துவமனையில் வேலை தருவதாகக் கடிதம் வந்திருந்தது. நவம்பர் முடிவதற்குள் அந்த நாட்டு உரிமத்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறொருவருக்கு. அவள் அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறிக்கும் மலையில். தம்பி இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்து வீட்டை விட்டுச் சொந்தமாக ஒரு வீடு என்பது பத்து வயதிலிருந்தே அவளுடைய கனவு. அந்த உரிமம் இல்லாமல் அது எதுவும் இல்லை.

உரிமத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளுக்காக இந்த இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன். படித்த சான்றிதழ். நம் நாட்டில் பதிவு செய்த சான்றிதழ். அந்தப் பதிவின்மேல் புகார் ஏதுமில்லை என்று பதிவு செய்த இடத்திலிருந்தே போகும் நன்னடத்தைக் கடிதம், அதை உங்கள் கையில் தரமாட்டார்கள். பொலிஸ் சான்று. வேலை செய்த இடத்தின் சேவைக் கடிதம். இவ்வளவையும் கொடுத்த பிறகு, சரிபார்க்கும் நிறுவனம் ஒன்று ஒவ்வொரு கடதாசியையும் அதைக் கொடுத்த இடத்துக்கே அனுப்பி, "இது நீங்கள் கொடுத்ததுதானா?" என்று கேட்கும். கடிதத்தில் ஒன்றும் பதிவேட்டில் ஒன்றும் இருந்தால் கதை முடிந்தது. அதற்குமேல் கணினியில் ஒரு பரீட்சை. விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறவும் செய்யும். தோழி சொன்னாள், முகவர் சொன்னார் என்று நம்பாமல் அந்தந்த நாட்டு அமைப்பின் தளத்தில் நீங்களே படியுங்கள்.

சுகன்யா எல்லாம் செய்தாள். பரீட்சையில் சித்தியும் அடைந்தாள். மிச்சமிருந்தது சேவைக் கடிதம், அதை எழுதியவள் நான்.

எப்படி எழுதினேன் தெரியுமா? பதிவேட்டை எடுத்து வைத்து, விரல் விட்டு எண்ணி, நாட்காட்டியில் இரண்டு தடவை சரிபார்த்து, "ஒரு வருடம், பதினொரு மாதங்கள், இருபத்தொன்பது நாட்கள்" என்று எழுதினேன். எழுதி முடித்து அழகு பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு துல்லியமான கடிதத்தை எழுதியதில்லை. மனேஜர் ஜெயராஜிடம் கையெழுத்தும் வாங்கி நானே உறையில் போட்டு ஒட்டினேன்.

நவம்பர் முதல் வாரம், புதன்கிழமை, சுகன்யா தொலைபேசியை நீட்டியபடி வந்தாள், உரிமம் கொடுக்கும் அமைப்பின் பதில் அதில் இருந்தது. முழுமையான இரண்டு வருட அனுபவம் தேவை, உங்களுக்கு இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. திருத்தம் இருந்தால் முப்பது நாளுக்குள் அனுப்பலாம்.

"ஒரு நாளு மிஸ்" என்றாள். "ஒரே ஒரு நாளு. நீங்க 'ரெண்டு வருஷம்'னு சும்மா எழுதிருந்தா அவனுக எண்ணிப் பாத்திருப்பானுகளா?"

"சும்மா எழுதுவது எனக்கு…"

"தெரியும் மிஸ். உங்களுக்கு வராது. பஸ் வந்த நேரத்தயே ஏழு பதினாறுன்னு சொல்ற ஆளு நீங்க. எனக்குன்னு வந்து வாச்சீங்களே!" அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே சிரித்தாள். "இப்ப ஒரு நாளு வந்து வேல பாத்துட்டுப் போகவா?"

"அது இடைவெளி விட்ட சேவை. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள்."

"அப்ப அந்தத் திங்கக்கெழம? நான் வேல செஞ்சேனே! கங்காணி மாமாவுக்குப் படம் எடுத்தேனே!"

ஓடிப்போய் நாட்குறிப்பை எடுத்தேன். இருந்தது: "மழை. புதுப் பெண் 11.20. முதல் படம், வீராசாமி, இடது தோள். எழுத்து மிகப் பெரிது." அதைத் தூக்கிக்கொண்டு மனேஜரிடம் போனோம்.

மனேஜர் ஜெயராஜ் கெட்டவரல்ல. கடதாசியை மட்டும் நம்புகிறவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி நாட்குறிப்பைப் படித்தார், எக்ஸ்ரே புத்தகத்தையும் வரவழைத்துப் புரட்டினார்.

"மிஸ், இது உங்க டயரி. பாட்டு எழுதி வச்சிருந்தாலும் யாரு கேப்பா? எக்ஸ்ரே புக்க பாத்தேன். வீராசாமி, நம்பர், திகதி, எல்லாம் இருக்கு. எடுத்தவர்ங்கிற எடத்துல உங்க சைன்தான் இருக்கு."

இருக்கும். மாலையில் அந்த வரிசை முழுவதிலும் பொறுப்பாளர் என்று நானே கையெழுத்து வைப்பேன், மிக ஒழுங்காக.

"அன்னைக்கி அவ இங்க வேல செஞ்சான்னு, அன்னைக்கே உண்டான ஒரு சாட்சி கொண்டாங்க. பதிவேட்டத் திருத்தி நானே லெட்டர் தாறேன். இல்லாட்டி மன்னிச்சிருங்க."

வெளியே வந்து நடைபாதையில் நின்றோம். எனக்குப் பீரிஸ் சேரின் முகம் நினைவுக்கு வந்தது. படத்தில் எழுத்து இல்லாதவர் அன்று வேலைக்கு வரவில்லை. அப்படியென்றால், எழுத்து இருந்தால்?

"சுகன்யா, அந்த ஃபிலிம் எங்கே?"

"கங்காணி மாமாகிட்டதான் குடுத்தோம்." அவள் கண் விரிந்தது. "மிஸ்! இப்ப தீபாவளிக்கு லயமெல்லாம் வெள்ளயடிக்கிறாங்க. வீட்டக் கழுவி பழசெல்லாம் வீசிருவாங்களே!"

அடுத்த பஸ் ஒன்று நாற்பதுக்கு. ஓய்வு பெறும் வயதை எட்டிக்கொண்டிருந்த நான் பஸ் நிலையத்துக்கு ஓடிய ஓட்டத்தைப் பதுளையில் இன்னும் சிலர் சொல்லிச் சிரிப்பார்கள்.

மடுல்சீமையில் இறங்கி, மலைப் பாதையில் நாற்பது நிமிடம் ஏறினோம். லயம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. கங்காணியின் வீட்டு வாசலில் தட்டுமுட்டுச் சாமான்கள் குவிந்து கிடந்தன. சுகன்யா அதற்குள் தலையை விட்டுக் கிளறத் தொடங்கினாள்.

"யாரு அது, குப்பயக் கெளறுறது?" என்று உள்ளிருந்து வந்தார் கங்காணியின் மனைவி மாரியாயி. "அடி நம்ம சுகன்யாவா! வெளிநாட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்க வாசலுக்கா வந்த?"

"மாமி, மாமாவோட தோளு படம் எங்க மாமி? எக்ஸ்ரே!"

"ஜன்னல்ல இருக்கு."

"ஜன்னல்ல வச்சிருக்கீங்களா?"

"வைக்கல புள்ள. அதுதான் ஜன்னலு."

திரும்பிப் பார்த்தோம். கண்ணாடி உடைந்த ஜன்னல் சட்டத்தில், கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில், நாலு பக்கமும் கண்ணாடி ஒட்டும் புட்டிப் பசை பூசி, வீராசாமி கங்காணியின் இடது தோள் பதிக்கப்பட்டிருந்தது. பின்னால் மாலை வெயில். எலும்பு ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் மருத்துவமனையில் படம் பார்க்கும் விளக்குப் பெட்டிகூட அவ்வளவு நன்றாகக் காட்டியதில்லை. மேல் மூலையில் கோணலாக, பெரிதாக, 'சு'.

கங்காணி ஏணியிலிருந்து சுண்ணாம்புத் தூரிகையோடு இறங்கி வந்தார். "வெளிச்சம் இருந்தாத்தானே மிஸ் அது தெரியும்? பெட்டியில வச்சி என்ன புண்ணியம்? வாறவங்க எல்லாருக்கும் காட்டுவேன், இது என் தோளு, இது நம்ம புள்ளயோட எழுத்துன்னு."

ஆனால் பெயரும் திகதியும் பதிந்த கீழ் மூலையில் சுண்ணாம்பு ஒரு வீச்சுத் தடவியிருந்தது. சுகன்யா ஈரத் துணியை எடுத்தாள்.

"தேய்க்காத புள்ள!" என்று அலறினார் மாரியாயி. "அவரு எலும்பு அழிஞ்சிரப் போவுது!"

"அழிஞ்சா வேற எடுத்துத் தாறேன் மாமி, மாமா இன்னொரு தடவ விழட்டும்!"

நான் ஜன்னல் சட்டத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். சுண்ணாம்பு கரைந்து ஒழுகியது. முதலில் படத்தின் எண். பிறகு பெயர். பிறகு ஒக்டோபர் முதலாம் திகதி. நானும் சுகன்யாவும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். எதற்கென்று தெரியாமலே மாரியாயியும் குதித்தார்.

"படத்தக் கொஞ்சம் கழட்டித் தாறீங்களா?" என்றேன்.

கங்காணியின் முகம் மாறியது. "புட்டியக் கொத்துனா படம் கிழிஞ்சிரும் மிஸ். அதெல்லாம் முடியாது." சட்டத்தைச் சுற்றித் தட்டிப் பார்த்தார். பிறகு கீலிலிருந்து ஜன்னல் கதவையே தூக்கிக் கழற்றினார். "இப்புடியே கொண்டு போவோம். நானும் வாறேன்."

"மழ வந்தா வீட்டுக்குள்ள அடிக்குமே?" என்றார் மாரியாயி.

"சாக்கக் கட்டு! புள்ள ஏரோப்ளேன்ல போவணும்ங்கிறேன், ஒனக்கு மழ!"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்தோம். ஜன்னல் கங்காணியின் மடியில்.

"என்னா கங்காணி, வீட்டயே பேத்துக்கிட்டு வாறீங்களா?" என்றார் கண்டக்டர். "கதவு அடுத்த பஸ்ஸுல வருதா?"

"ஒன் பஸ்ஸுல ஜன்னலு சரியில்லன்னு கேள்விப்பட்டேன் தம்பி. சொந்தமாக் கொண்டாந்துட்டேன்."

மனேஜரின் அறைக்குள் வெளிச்சம் போதவில்லை. மருத்துவமனை முன்படியில், வெளிநோயாளர் வரிசைக்கு முன்னால், கங்காணி ஜன்னலைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் தோளைப் பார்த்தார்கள். மனேஜர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார், இறக்கினார். எக்ஸ்ரே புத்தகத்தின் எண்ணோடு படத்தின் எண்ணை ஒப்பிட்டார். திகதியை விரலால் தொட்டார். கடைசியாக மூலையைக் காட்டி, "இதப் பிறகு ஒட்டியிருக்க முடியாதா?" என்றார்.

"முடியாது. கதிர் பாயும் நேரத்தில் ஈயம் அங்கே இருந்திருக்க வேண்டும். தடவிப் பாருங்கள், மேலே ஒன்றுமில்லை. எங்கள் பிரிவில் தமிழில் எழுத்து வெட்டியவள் இவள் ஒருத்திதான், அதுவும் அந்த ஒரே நாள்."

தடவிப் பார்த்தார். வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "ஐயா, அவ்ளோ பெருசா எழுதியிருக்கு, இன்னுமா தெரியல?"

எல்லோரும் சிரித்தார்கள். மனேஜரும் சிரித்தார். உள்ளே போய்ப் பதிவேட்டில் திருத்தம் எழுதி, காரணம் எழுதி, கையெழுத்து வைத்தார். ஜன்னலோடு கங்காணியை நிற்க வைத்துப் படம் பிடித்து அதையும் கோப்பில் சேர்த்தார். புதுக் கடிதத்தை அவரே எழுதினார், என்னை எழுத விடவில்லை. "இரண்டு வருடங்கள்" என்று இரண்டே சொல்.

போகும்போது கங்காணி என்னைத் தனியாக அழைத்தார். "மிஸ், பின் பக்கத்து ஜன்னலும் ஒடஞ்சிதான் கெடக்கு. வலது தோளயும் ஒண்ணு எடுத்துத் தந்தா நல்லா இருக்கும்."

உரிமம் நவம்பர் இருபத்தேழாம் திகதி, மாலை நான்கு ஐந்துக்கு வந்தது. ஜனவரியில் அவள் போனாள். அங்கே வேலையைத் தொடங்கிய முதல் நாள் காலை எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினாள். இன்னும் வைத்திருக்கிறேன், போன வியாழக்கிழமை நான்கு பேருக்கும் போட்டுக் காட்டினேன்:

"மிஸ், வந்து சேந்துட்டேன். பாத்ரூம் எங்கன்னு கேக்குறதுக்கு முந்தியே பதிவு எங்கன்னு கேட்டேன். இங்க கையெழுத்து இல்ல மிஸ், மெஷின்ல வெரலு வைக்கணும். வச்சேன். மனசு கேக்கல, இன்னொரு தடவ வச்சேன். ஏற்கனவே பதிஞ்சாச்சின்னு மெஷின் சொல்லிச்சி. மூணாவது தடவயும் வச்சிட்டுத்தான் உள்ள போனேன். மணி ஏழு நாப்பத்தி மூணு. எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன்.